மூன்றாம் மாடிச் சுவருக்கு வந்தவர்கள்

அமெரிக்காவின் கார்வெல் நகரத்தில், ஆற்றங்கரையை ஒட்டி நிற்கிற பழைய தார்ன்பரி சட்டை மில்லின் மூன்றாம் மாடியில், காரிடார் போய் முட்டி நிற்கிற வெற்றுச் சுவருக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலையில், யாரோ கும்பலாக வந்து கழற்றி விட்டு உள்ளே போன மாதிரி பெண்கள் போடுகிற பூட்ஸுகள் கிடந்தன. அதைப் பார்த்த எங்கள் மாடித் தமிழர்கள் யாரும் பயப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை, கடைசி வீட்டுப் பொற்கொடி எங்களைக் கூப்பிடாமலே வளைகாப்பு வைத்துவிட்டாள் என்று வருத்தப்பட்டோம்.

எங்களைக் குற்றம் சொல்ல முடியாது. மில் ஓய்ந்து, பாழடைந்து, புறா அடைந்து, பிறகு யாரோ புண்ணியவான் அதை வாங்கி வீடு வீடாகத் தடுத்து வாடகைக்கு விட்டபோது, பக்கத்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்க வந்த ஒரு தமிழர் மூன்றாம் மாடியில் குடியேறினார், அவர் சொல்லி இன்னொருவர் வந்தார், அவர் சொல்லி அவருடைய மச்சான் வந்தார், இப்படியே மாடி முழுக்க நாங்களாகிப் போனோம். எல்லோரும் செருப்பை வாசலுக்கு வெளியே விடுகிறவர்கள். ஒரு வீட்டு வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்தே அந்த வீட்டுக்கு ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறாரா, வெறும் சீட்டாட்டமா, பெண் பார்க்கிற படலமா என்று சொல்லிவிடுவோம். ஏழு மாதக் கர்ப்பிணியின் வீட்டுப் பக்கம் இத்தனை ஜோடி பெண்கள் பூட்ஸ் கிடந்தால் வேறு என்ன நினைப்பது?

எதிர் வீட்டு மங்கையர்க்கரசி அக்காவுக்குத்தான் மனசு ரொம்ப விட்டுப்போயிற்று. மசக்கைக் காலத்திலிருந்து பொற்கொடிக்கு வாய்க்கு ருசியாகத் தினமும் மிளகு ரசம் வைத்துக் கொடுக்கிறவர் அவர்தான். அன்றைக்கு ரசம் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை, மூன்றாம் நாள் பொற்கொடியே பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள்.

“அக்கா, என் மேல என்ன கோவம்?”

“கோவம் என்னடி கோவம். அமெரிக்காக்காரிகளை எல்லாம் கூப்பிட்டு வளைகாப்பு வைக்கத் தெரியுது, எதிர்த்த வீட்டுல இருக்கறவளுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல.”

பொற்கொடி அழவும் இல்லை, சத்தியம் செய்யவும் இல்லை. அக்காவின் கையைப் பிடித்து அந்தச் சுவர் வரைக்கும் கூட்டிப் போனாள். அப்போதுதான் நாங்கள் அத்தனை பேரும் அந்த பூட்ஸுகளைக் கிட்டத்தில் பார்த்தோம். கணுக்கால் வரை கயிறு கட்டுகிற பழங்காலத்து பூட்ஸ், தோல் வெடித்து, குதிகால் தேய்ந்து, நுனியெல்லாம் கரி படிந்து, பதினைந்து பதினாறு வயசுப் பெண்ணின் காலுக்குத்தான் சேரும் என்கிற மாதிரி சின்னச் சின்னதாக இருந்தன. மங்கை அக்கா ஒன்றை எடுத்து உள்ளே கை விட்டுப் பார்த்துவிட்டு, சூடு ஆறவில்லை, இப்போதுதான் காலை எடுத்திருக்கிறார்கள் என்றார். அன்று மாலை பொற்கொடிக்கு இரண்டு வேளை ரசம் சேர்ந்து போயிற்று.

அந்த ஊரில் அது யாருடைய பூட்ஸாக இருக்கும் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் இதே மூன்றாம் மாடியில் தீப்பிடித்து, சட்டை தைத்துக்கொண்டிருந்த முப்பத்தெட்டுப் பெண்கள் செத்துப்போனார்கள். இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் கப்பலேறி வந்த ஏழைக் குடும்பத்துப் பெண்கள். காரிடார் முடிகிற இடத்தில் ஒரு கதவு இருந்தது, யாரும் துணித் துண்டை ஒளித்துக்கொண்டு வெளியே போகாமலிருக்க அதை வெளிப்பக்கம் பூட்டி வைத்திருந்தார்கள் என்று, ஜன்னல் வழியாகக் குதித்துப் பிழைத்த ஒன்றிரண்டு பெண்கள் தங்களுக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் கோர்ட்டில் சொன்னார்கள். முதலாளி தார்ன்பரி, அந்த இடத்தில் என்றைக்குமே கதவு இருந்ததில்லை, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தார்கள். சுண்ணாம்பு பூசிய சுவர்தான் இருந்தது.

அப்புறம் யாரையாவது குற்றம் சொல்லியாக வேண்டுமே. அசுந்தா என்று ஒருத்தி இருந்தாள், பதினேழு வயசு, இடது கால் கொஞ்சம் குட்டை, விந்தி விந்தி நடப்பாள். தீப்பிடித்த சமயம் அவள் அரிக்கேன் விளக்கோடு ஜன்னல்களைக் கடந்து ஓடியதைத் தெருவிலிருந்து நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். போதாதா? நொண்டிக்காரி தடுக்கி விழுந்தாள், விளக்கு விழுந்து உடைந்தது, பஞ்சில் தீப்பற்றியது என்று எழுதிக் கேஸை மூடினார்கள். தார்ன்பரி பெயரில் ஒரு தெருவே வந்தது. பூங்காவில் செத்தவர்களுக்கு வைத்த கல்லில் அவள் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். அதோடும் விடாமல் அவளைப் பேயாக்கி, மன்னிப்புக் கேட்டு விளக்கோடு விந்தி விந்தி அலைகிறாள் என்று கதை கட்டினார்கள். சனி ஞாயிறு மத்தியானங்களில், பேய்க் கதை சுற்றுலா நடத்துகிற கிளைட் என்கிற மனிதர் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று அதைச் சொல்வார், நொண்டி நடந்தும் காட்டுவார். நாங்களும் ஊறுகாய் பாட்டிலை வெயிலில் வைத்துக்கொண்டே அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம்.

ஆகவே வந்திருப்பது யார் என்று தெரிந்ததும், ஆக வேண்டியதைப் பார்த்தோம். ஒரு வீட்டுக்காரி சுவரோரம் சின்னதாகக் கோலம் போட்டாள். இன்னொருத்தி சொம்பில் தண்ணீர் வைத்தாள். மத்தியானத்துக்குள் அது தீர்ந்துபோனது, தீயில் போனவர்களுக்குத் தாகம் இருக்கும்தானே என்று பெரிய குடமாக மாற்றினாள். பிள்ளைகளை அந்தப் பக்கம் பந்து விளையாடாதீர்கள் என்று அதட்டினோம். தமிழ்ச் சங்கத்தில் தீபாவளிச் சாப்பாட்டுக்கு இவர்களையும் சேர்த்து இலை கணக்குப் போடுவதா வேண்டாமா என்று சண்டை வந்தது; சங்கம் என்றால் சண்டை வரத்தான் செய்யும், அதற்கு ஆவிகள் தேவையில்லை. கட்டிட மேனேஜர் மட்டும் பூட்ஸை எல்லாம் சாக்கில் கட்டிக் கீழே கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தார். அவர் மாடியேறி வருவதற்குள் அவை பழைய இடத்தில், பழைய வரிசையில் இருந்தன. இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, வழியில் தடங்கல் என்று தீயணைப்புத் துறைக்குப் புகார் கொடுத்தார்.

அப்படித்தான் ஃபயர் இன்ஸ்பெக்டர் லொரெய்ன் எங்கள் மாடிக்கு வந்தாள்.

லொரெய்ன், அசுந்தாவின் தங்கையுடைய பேத்தி. ஐம்பது தாண்டியவள், அகலமான தோள், சிரிப்புக்குச் சிக்கனமான முகம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பிள்ளைகள் அவளுக்குப் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வருவார்கள். வீட்டில் அம்மா, உன் பெரிய பாட்டி செய்ததற்கு மன்னிப்புக் கேட்டு ஜெபம் பண்ணு என்பாள். சொந்தக் குடும்பமே பாதி நம்பிவிட்ட பழி அது. அவள் வளர்ந்து தீயணைப்பு வேலையில் சேர்ந்தாள், இன்ஸ்பெக்டரானாள், ஊரிலுள்ள ஒவ்வொரு கட்டிடத்திலும் ஒவ்வொரு கதவையும் தானே கை வைத்துத் தள்ளித் திறந்து பார்த்தாள். அந்தக் கல்லில் அசுந்தாவின் பெயரையும் வெட்டுங்கள் என்று நகரசபையில் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர்களும் ஆதாரம் கொண்டு வா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவளுக்கு அந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஆனால் தன் பெரிய பாட்டி உண்மையிலேயே அந்த விளக்கைப் போட்டு உடைத்தாளா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது என்பதுதான் அதில் பெரிய கொடுமை.

எங்கள் செருப்புகளை எல்லாம் உள்ளே எடுக்கச் சொல்லிக்கொண்டே காரிடார் நெடுக நடந்து வந்தவள், சுவரருகில் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். எல்லாவற்றுக்கும் முன்னால், நுனி சுவரைத் தொடுகிற மாதிரி ஒரு ஜோடி நின்றது. அதில் இடது பூட்ஸின் அடித்தோல் மட்டும் மூன்று மடங்கு தடிமனாக இருந்தது. குட்டைக் காலுக்காகச் செருப்புத் தைக்கிறவர் வைத்துத் தைத்த அடித்தோல். லொரெய்ன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பொற்கொடி நாற்காலி கொண்டு வந்து போட்டும் அவள் எழுந்திருக்கவில்லை.

“பாத்தீங்களா, எல்லாரும் சேர்ந்து அவளைச் சுவரோட நெருக்கி நிறுத்தியிருக்காங்க. செத்தும் அவளை மன்னிக்கல” என்றாள் லொரெய்ன்.

பொற்கொடி சாத்தூர் பக்கத்துக்காரி. அவளுடைய அத்தை பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். அங்கே உராய்ந்து பொறி வந்துவிடக் கூடாது என்று செருப்பை வாசலிலேயே கழற்றி விட்டுத்தான் உள்ளே போவார்கள். ஒரு நாள் வெடித்தது. ஊரே ஓடிப்போய் முதலில் பார்த்தது அந்தச் செருப்புகளைத்தான். யார் வந்து மாட்டிக்கொண்டார்கள், யாருடையது அப்படியே கிடக்கிறது என்று. அத்தையின் நீல வார்ச் செருப்பை அடையாளம் கண்டு பொற்கொடியின் அம்மா அங்கேயே விழுந்துவிட்டாள், பொற்கொடிக்கு அப்போது ஒன்பது வயசு. இந்த பூட்ஸுகளைப் பார்த்த முதல் நிமிஷமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு சாவைப் பற்றிப் பேச வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது அவளும் மெல்ல லொரெய்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவள் இங்கிலீஷில்தான் பேசினாள், ஆனால் அதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்.

“அப்படி இல்லங்க. எங்க வீடுகள்ல பாருங்க, முதல்ல வந்தவங்க செருப்புதான் வாசலை ஒட்டிக் கெடக்கும். உங்க பாட்டிதான் முதல்ல வந்திருக்காங்க. இவங்க எல்லாம் அவங்களுக்குப் பின்னால வந்தவங்க. அதோட, சுவருக்கு முன்னால எந்த ஊர்லயும் யாரும் செருப்பைக் கழட்டி விட மாட்டாங்க. இங்க வாசல் இருக்கு.”

லொரெய்ன் எழுந்து, விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் சத்தம் மாறியது. மேனேஜர் ஓடி வந்து, பழமை மாறாமல் பாதுகாக்க வேண்டிய சுவர், கை வைக்கக் கூடாது என்றார். மறைத்து வைத்த வெளிவழி இருக்கிறதென்று சந்தேகம் வந்தால் எந்தச் சுவரையும் உடைக்கத் தனக்கு அதிகாரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வண்டியிலிருந்து கோடாலியை எடுத்துவரப் போனாள். முப்பது வருஷமாகத் தன்னிடமிருந்த அதிகாரத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவளைப் போல இருந்தது அவள் முகம்.

பூட்ஸுகள் மேல் செங்கல் விழுந்துவிடும் என்று மங்கை அக்காதான் தடுத்தார். நாங்கள் ஒவ்வொருவரும் வந்து ஆளுக்கு இரண்டு மூன்று ஜோடியை எடுத்து, காரிடாரின் இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டோம். மேனேஜர் தூக்கி எறிந்தபோது ஓடி வந்த பூட்ஸுகள் எங்கள் மடியில் சும்மா இருந்தன. அசுந்தாவின் ஜோடியைப் பொற்கொடி வாங்கிக்கொண்டாள், வயிற்றுக்கு மேலே அணைத்துப் பிடித்துக்கொண்டாள். குழந்தை ஒரு உதை விட்டது என்று பிற்பாடு சொன்னாள்.

சுண்ணாம்பு உதிர்ந்தது, அதற்குப் பின்னால் ஒற்றைச் செங்கல் வரிசை உதிர்ந்தது, அதற்குப் பின்னால் தகரம் அடித்த கதவு, முழுக்கக் கறுத்துப்போய் நின்றது. கதவின் காலடியில், செங்கல்லுக்கும் கதவுக்கும் நடுவிலிருந்த கையகல இடுக்கில், ஒரு அரிக்கேன் விளக்கு நிமிர்ந்து நின்றது. அவசரமாகச் சுவர் எழுப்பியவன் குனிந்து பார்க்கவில்லை போலிருக்கிறது. லொரெய்ன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே ஒரு விரற்கடை மண்ணெண்ணெய் அப்படியே ஆடியது.

“கண்ணாடி கூட உடையலையே” என்றார் மங்கை அக்கா. அதை அவர் தமிழில்தான் சொன்னார், லொரெய்னுக்குப் புரிந்தது.

அசுந்தா விளக்கை உடைக்கவில்லை. தீ இஸ்திரி அடுப்பிலிருந்து வந்ததோ வேறெங்கிருந்து வந்ததோ, இனித் தெரியப்போவதில்லை. புகையில் கண் தெரியாமல் தவித்தவர்களுக்கு முன்னால் அந்தப் பதினேழு வயசுப் பெண் விளக்கைப் பிடித்துக்கொண்டு, விந்தி விந்தி, கதவு வரைக்கும் அத்தனை பேரையும் கூட்டி வந்திருக்கிறாள். வந்து, விளக்கைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கதவைத் தள்ளியிருக்கிறாள். லொரெய்னும் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. தீயணைப்பு ஆட்கள் வெளியே ஏணி வைத்து ஏறி, அந்தப் பக்கச் செங்கல்லையும் பெயர்த்துப் பார்த்தபோது, கதவின் குறுக்கே இரும்புப் பட்டையும் அதில் துருப்பிடித்த பூட்டும் தொங்கின. அன்றைக்கு எங்கள் மாடியில் அழாதவர்கள் யாருமில்லை, மேனேஜர் உட்பட.

அதற்கப்புறம் நகரசபை இறங்கி வந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், மங்கை அக்கா பட்டுப்புடவையில் பேட்டி கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை கிளைட் தன் கூட்டத்தோடு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை வருஷமாக நான் சொன்னது பொய் என்று ஆரம்பித்தார். அதைக் கேட்க முன்னைவிடக் கூட்டம் வந்தது. தார்ன்பரி தெருவின் பெயரை மாற்றுவதா என்கிற சண்டை இன்னமும் நடக்கிறது. ஆனால் கல்லில் பெயர் வெட்டுவதற்கு யாரும் எதிராகக் கை தூக்கவில்லை. நவம்பர் மாதத்து நல்ல வெயிலில், முதல் பனி விழுவதற்கு முன், அசுந்தாவின் பெயரை மற்றப் பெயர்களுக்கு நடுவில் வெட்டினார்கள். நாங்கள் பாயசம் வைத்தோம், வந்தவர்கள் இன்றைக்குப் புறப்பட்டுவிடுவார்கள் என்று மாடியே எதிர்பார்த்தது.

பூட்ஸுகள் போகவில்லை.

மறுநாளும் இருந்தன, அடுத்த வாரமும் இருந்தன, பூட்டை உடைத்த கதவுக்கு முன்னால் முன்பு இருந்த மாதிரியே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, தொட்டால் சூடாகவும் இருந்தன. லொரெய்ன் தினமும் வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். ஆயுசு முழுக்க ஒன்றைக் கேட்டு அது கிடைத்துவிட்டவள் முகத்தில் இருக்க வேண்டிய நிம்மதி அவளிடம் இல்லை. பெயரைக் கொடுத்துவிட்டேன், பழியைத் துடைத்துவிட்டேன், இன்னும் என்ன வேண்டும் அவளுக்கு என்று பொற்கொடியிடம் ஒரு நாள் கேட்டாள். பொற்கொடிக்கு மாதம் நெருங்கிவிட்டிருந்தது, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், அந்தக் கதவைத் திறந்து காட்டினாள். வெளியே ஒன்றுமில்லை. காற்று, அதற்குக் கீழே மூன்று மாடிப் பள்ளம், அதற்குக் கீழே புல்தரையும் ஆறும். ஒரு காலத்தில் அங்கே இருந்த படிக்கட்டைத் தார்ன்பரியின் ஆட்கள் அப்போதே அறுத்தெடுத்துவிட்டார்கள்.

“பேரு வேணும்னு தவிச்சது நாமதாங்க” என்றாள் பொற்கொடி. “அவங்க வெளிய போறதுக்குத்தான் வந்தாங்க.”

லொரெய்ன் அன்றைக்கே உத்தரவு போட்டாள். வெளிவழிக் கதவு என்று ஒன்று இருந்தால் அதற்குப் படிக்கட்டு இருந்தாக வேண்டும், சட்டம் அப்படி. மேனேஜர் இந்த முறை எதிர்த்துப் பேசவில்லை. பனிக்காலம் முழுக்க வெல்டிங் பொறி பறந்தது, இரும்புச் சத்தத்தில் பொற்கொடியின் பெண் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்து, அந்தச் சத்தம் நின்றால் மட்டுமே அழுகிற பிள்ளையாக வளர்ந்தது. படியின் உயரத்தை லொரெய்ன் தானே அளந்து குறைக்கச் சொன்னாள், கைப்பிடியை இரண்டு பக்கமும் வைக்கச் சொன்னாள். கால் சரியில்லாதவர்கள் இறங்குவதற்கு என்று வேலையாட்களிடம் சொன்னாள்.

ஏப்ரலில், பனி உருகி ஆறு பெருகி ஓடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தீ விபத்து ஒத்திகைக்கு லொரெய்ன் மணி அடித்தாள். நாங்கள் மாடி முழுக்க இறங்கினோம். மங்கை அக்கா முழங்கால் வலியோடு, பொற்கொடி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆண்கள் பாதிக் குளியலில் துண்டோடு. கீழே புல்தரையில் நின்று தலைகளை எண்ணிச் சரியாக இருக்கிறதென்று கையசைத்தோம். மேலே லொரெய்ன் கதவை முதுகால் அழுத்திப் பிடித்தபடி நின்றாள். நாங்கள் எல்லோரும் இறங்கிவிட்டோம், அவள் இறங்கவில்லை, உள்ளே காரிடாரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு படிக்கட்டு அதிர்ந்தது. ஆளில்லாத படிகளில் பூட்ஸ் மாட்டிய சின்னச் சின்னக் கால்கள் தடதடவென்று இறங்கி வந்தன, பத்து, இருபது, இன்னும் இன்னும், இரும்பு முழுக்க அந்தச் சத்தமாக இருந்தது. நாங்கள் புல்லில் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டோம். எங்களுக்கு நடுவே சூடாகக் காற்று போனது. புல் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. ஆற்றுப் பக்கம் போய்ச் சத்தம் அடங்கியது.

லொரெய்ன் அப்போதும் கதவை விடவில்லை. முதலில் வந்தவள் கடைசியாகத்தான் போவாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. விளக்குப் பிடிக்கிறவர்கள் எல்லோரையும் அனுப்பிவிட்டுத்தான் கிளம்புவார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மேல் படியில் ஒரு கனமான அடி, ஒரு லேசான அடி, கொஞ்சம் தயங்கி மறுபடியும் ஒரு கனமான அடி.

லொரெய்ன் பேசினது எங்களுக்குக் கீழே நன்றாகக் கேட்டது.

“மெதுவா இறங்கு. அவசரமே இல்ல. கதவை நான் பிடிச்சிருக்கேன்.”

கனமான அடியும் லேசான அடியும் ஒன்று மாற்றி ஒன்றாக, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தன. கடைசி அடி புல்லில் பதிகிற வரைக்கும் லொரெய்ன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.